இயங்காத கணினியில் அச்சான பட்டியல்

கண் மருத்துவமனையின் இயக்குநர் மூன்று நாள் மாநாட்டுக்குப் போய்த் திரும்பியபோது ஒரு தோல்பையும் ஒரு கொள்கையும் அவரோடு வந்து சேர்ந்தன. தோல்பையை அவரே வைத்துக்கொண்டார். கொள்கையை மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்.

கொள்கை எளிமையானதுதான். மாதக் கடைசிக்குள் மருத்துவமனையிலுள்ள எண்பத்தாறு கணினிகளிலும் இரண்டு இயங்குதளங்கள் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பழையது அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் லினக்ஸ் குடியேறும். பொத்தானை அமுக்கினால் கணினி ‘எது வேண்டும்?’ என்று கேட்கும். வேண்டியதைச் சொன்னால் அது திறக்கும். எத்தனையோ பேர் இதை வீட்டில் ஒரு மத்தியானத்தில் செய்து முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கணினிப் பிரிவு என்று ஒன்று இல்லை என்பது ஒரு வசதி.

மருத்துவமனைக்கு அப்படியொரு பிரிவு இருந்தது. அதற்கொரு தலைவரும் இருந்தார். ஊழியர்கள் எல்லோரையும் கூட்ட அரங்கில் உட்காரவைத்து அவர் பேசினார்.

“ஒரு கணினிக்கு ஒரே ஒரு சிஸ்டம்ங்கிறது, ஒத்தைச் செருப்போட நடக்கச் சொல்ற மாதிரி. இனிமே அந்த அவமானம் நமக்கு வேண்டாம். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும். ரெண்டும் போனாக்கூட எங்க பிரிவு இருக்கும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பட்டியல்காரரும் தட்டினார்.

பட்டியல்காரர் என்பது அவர் பெயரல்ல, வேலை. இறந்தவர்களின் குடும்பத்தார் சம்மதித்துக் கொடுக்கும் கருவிழிகள் அந்த மருத்துவமனைக்கு வரும். வந்த நான்கு நாட்களுக்குள் அவற்றை வேறு இரண்டு பேருக்குப் பொருத்திவிட வேண்டும். எந்த இரண்டு பேருக்கு என்பதுதான் கேள்வி. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். பதிவு செய்த தேதியையும் கண்ணின் நிலையையும் வைத்து அவர்களை வரிசைப்படுத்தி வைத்திருப்பது அவர் பொறுப்பு. பதினோரு வருடமாக ஒருவரையும் அவர் இடையில் நுழைய விட்டதில்லை. செல்வாக்கான ஒருவர் தன் பெரியப்பாவுக்காக ஒருமுறை நேரில் வந்தார். அவருக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இருநூற்றுத் தொண்ணூறாம் எண்ணையும் கொடுத்து அனுப்பிவைத்தார்.

பட்டியலை யாரும் கையால் திருத்தக் கூடாது, கணினியில் அச்சான எண் சீட்டு இருந்தால் மட்டுமே அறுவை அரங்கின் கதவு திறக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதியைக் கேட்டு வாங்கியவரே அவர்தான். கணினி மாடிப்படிக்குக் கீழே சரிந்த கூரையுள்ள ஒரு சின்ன அறையில் இருந்தது. அந்த அறையில் பட்டியல்காரர் நேராக நிற்க வேண்டுமானால் வெளியே வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கணினிப் பிரிவிலிருந்து ஒரு தொழில்நுட்பர் வந்தார். இடுப்பில் சாவிக்கொத்துபோல ஒரு கொத்து பென் டிரைவ்கள். நாளொன்றுக்குப் பதின்மூன்று கணினிகளை முடித்தாக வேண்டும் என்றார். நாற்பது நிமிடத்தில் லினக்ஸ் ஏறியது. பொத்தானை அமுக்கினார்கள், கணினி ‘எது வேண்டும்?’ என்று கேட்டது. இரண்டும் திறந்தன. பட்டியலும் பத்திரமாக இருந்தது. பட்டியல்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். லினக்ஸின் மேல் அவருக்கு ஒரு மரியாதைகூட வந்தது.

புதன்கிழமை பாதுகாப்புப் பிரிவிலிருந்து வேறொருவர் வந்தார். கணினிப் பிரிவும் பாதுகாப்புப் பிரிவும் ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இருந்தன. ஒரு குளிர்சாதனப் பெட்டி எந்த அறைக்கு என்பதில் தொடங்கிய மனத்தாங்கலால், நான்கு வருடமாக இரண்டும் கடிதம் மூலம் மட்டுமே பேசிக்கொண்டன. வந்தவர் கணினியின் வன்வட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சின்னப் பகுதியை வெட்டி எடுத்தார்.

“இது எதுக்குங்க?” என்று கேட்டார் பட்டியல்காரர்.

“பாதுகாப்பு அறை. எல்லாக் கணினியிலயும் இருக்கணும்னு உத்தரவு.”

“இதுல என்ன வைக்கணும்?”

“ஒண்ணும் வைக்கக் கூடாது. வச்சா பாதுகாப்பு போயிடும்.”

அவர் போன பிறகு பட்டியல்காரர் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. இடது மூலையில் இரண்டே இரண்டு ஆங்கில வரிகள்: கோப்பு முறை எதுவென்று தெரியவில்லை, மீட்பு நிலைக்குள் நுழைகிறேன். அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது. மறுபடி அணைத்துப் போட்டார். அதே வரிகள், அதே கோடு. ஏழாவது முறைக்குப் பிறகு அவற்றை எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கணினிப் பிரிவுத் தலைவருக்குத் தொலைபேசியில் பேசினார்.

“சார், கணினி திறக்க மாட்டேங்குது.”

“ரெண்டு சிஸ்டமும் உள்ள இருக்கா?”

“இருக்கும்னுதான் நினைக்கிறேன் சார். ஆனா ரெண்டுமே திறக்கலை.”

“திறக்கிறதைப் பத்திக் கொள்கையில ஒண்ணும் இல்லையே. இருக்கணும்னுதான் இருக்கு. உங்க கணினிக்கு நேத்தே ‘நிறைவு’ன்னு போட்டாச்சு.”

“சார், ஏதோ மீட்பு நிலைன்னு காட்டுது.”

“பாத்தீங்களா? மீட்புன்னு அதுவே சொல்லுது. மீட்கட்டும். நாம அவசரப்பட்டு நடுவுல கையை வைக்கக் கூடாது.”

இரண்டு நாள் விட்டுப் பார்த்தார். கணினி யாரையும் மீட்கவில்லை. புகார் கொடுக்கலாம் என்று போனால், புகாரைக் கணினி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். அவருடைய கணினிதான் புகாரே என்பதால் விதிவிலக்கு கேட்டு, கையால் எழுதிக் கொடுத்தார்: ‘என் அறையிலுள்ள கணினி பூட் ஆகவில்லை.’ தபால் பிரிவில் அதைத் தட்டச்சு செய்தவர் தமிழ்ப்பற்று மிக்கவர். பிழையென்று நினைத்துத் திருத்திவிட்டார். ‘என் அறையிலுள்ள கணினி பூட்டு ஆகவில்லை’ என்று புகார் கட்டடப் பராமரிப்புக்குப் போனது.

நான்காம் நாள் ஒரு பூட்டுக்காரர் வந்து, கதவுக்கு உள்ளங்கை அகலத்தில் பித்தளைப் பூட்டு ஒன்றைப் போட்டார். நல்ல வேலைக்காரர், எண்ணெய்கூட விட்டார். புகார் தீர்க்கப்பட்டது என்று முத்திரை விழுந்தது.

பட்டியல்காரர் தொழில்நுட்பரை நடைவழியில் பிடித்தார். தொழில்நுட்பர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், “சிஸ்டத்தை எழுப்பி விடுற பூட்லோடர்தாங்க குழம்பிப்போயிருக்கு. பாதுகாப்புப் பிரிவு கை வச்ச எதையும் நாங்க தொடக் கூடாதுன்னு உத்தரவு. எழுதிக் குடுங்க, பாப்போம்” என்றார். இம்முறை தமிழ்ப்பற்றாளர் குறுக்கிடாதபடி பெரிய எழுத்தில் ‘பூட்லோடர் பிரச்சினை’ என்று எழுதிக் கொடுத்தார். ஆறாம் நாள், ‘லோடர்’ என்ற சொல்லைப் பார்த்து யாரோ அனுப்பிவைத்த சுமை ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர் தலையில் துண்டோடு வந்து நின்றார்கள். “என்னங்க ஏத்தணும்?” என்று கேட்டார்கள். ஏற்ற ஒன்றுமில்லை என்றதும் ஒருவர், “அப்ப என்னங்க பிரச்சினை எங்களால?” என்றார், நிஜமாகவே மனம் நொந்து.

ஒன்பதாம் நாள் காலை இரண்டு கருவிழிகள் வந்தன.

அறுவை டாக்டரம்மா தானே படியிறங்கி வந்து, குனிந்து அறைக்குள் நுழைந்தார். “முதல் ரெண்டு பேர் யாரு? வரச் சொல்லுங்க. இன்னியிலேருந்து நாலு நாள்.”

“முதல்ல ஒரு பஸ் டிரைவர். ரெண்டாவது ஒரு தையல்காரம்மா. எனக்கு மனப்பாடமாத் தெரியும் டாக்டர். ஆனா சீட்டு அச்சாகாது.”

இருவரும் நிர்வாகக் கண்காணிப்பாளரிடம் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பதற்காகவே அவருக்கு இரண்டு முறை பதவி உயர்வு கிடைத்திருந்தது.

“நீங்க மனப்பாடமா சொல்றீங்க, சரி. உங்க ஞாபகத்துக்கு ஏதாவது பதிவு எண் இருக்கா?”

“இல்லைங்க சார்.”

“தணிக்கை ஆகியிருக்கா?”

“ஞாபகத்துக்கா சார்?”

“அப்புறம் எப்படிங்க நான் அதை நம்புறது? நாளைக்கு உங்களுக்கே மறந்துபோச்சுன்னா, மறந்ததுக்குக் கையெழுத்துப் போட்டவன் நானில்ல?”

டாக்டரம்மா கதவைச் சாத்தியதில் சுவர்க் கடிகாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்கு விளக்கம் கேட்டு மறுநாள் அவருக்கொரு கடிதம் வந்தது. கருவிழிகள் குளிர்பெட்டியில் இருந்தன.

கருவிழிகள் வந்த மூன்றாம் நாள் முற்பகல் பட்டியல்காரர் மறுபடியும் கணினிப் பிரிவுக்குத் தொலைபேசி செய்து, திரையில் இருந்ததை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் பாட்டு மட்டும் ஓடியது. அறைக்கு வெளியே, பரிசோதனைக்காக வந்தவர்களின் பெஞ்சில் தங்கையின் தோளைப் பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, என்ன வாசிச்சீங்க? இன்னொரு தடவை வாசிங்க” என்றார்.

அவரை அங்கே எல்லோரும் சர்வர் அக்கா என்பார்கள். ஓட்டலில் பரிமாறியவர் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அவர் தொலைபேசி நிலையம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் சர்வர் எனப்படும் பெரிய பெரிய கணினிகளைக் கட்டி மேய்த்தவர். இரண்டு கருவிழிகளிலும் வெள்ளை படர்ந்து, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன. ஆறு மாதத்துக்குள் மாற்றாவிட்டால் பிறகு மாற்றிப் பயனில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

பட்டியல்காரர் வாசித்தார். அக்காவின் முகத்தில், தெரிந்தவர் வீட்டு விலாசத்தைக் கேட்டதுபோல ஒரு மலர்ச்சி.

“லினக்ஸ் போட்டதுக்கப்புறம் யாராவது வட்டை வெட்டினாங்களா?”

“பாதுகாப்பு அறைன்னு ஒண்ணு போட்டாங்கக்கா.”

“அதான். உங்க பூட்லோடர் அஞ்சாம் நம்பர் வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்குது. லினக்ஸ் இப்ப ஆறாம் நம்பர்ல இருக்கு. அஞ்சாம் நம்பர்ல யாருமே இல்ல. அதான் யாருன்னே தெரியலைங்குது. உள்ள வரலாமா?”

தங்கை கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். சரிந்த கூரையில் இடித்துக்கொள்ளாமல் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். திரைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“சின்ன எழுத்துல எல், எஸ். எண்டர் தட்டுங்க. என்ன வருது?”

“எச் டி சைபர்... அப்புறம் அடைப்புக்குறிக்குள்ள ஒண்ணு, அஞ்சு, ஆறுன்னு வரிசையா வருதுக்கா.”

“அஞ்சைக் கேளுங்க.” எப்படிக் கேட்பது என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

“தெரியலைன்னு சொல்லுது.”

“சொல்லும். ஆறைக் கேளுங்க.”

பட்டியல்காரர் தட்டினார். “ஐயோ அக்கா! நிறைய பேர் வருது. பூட், ஹோம், என்னென்னமோ...”

“வீடு கிடைச்சிருச்சு. இப்ப அந்த விலாசத்தை அதுக்குச் சொல்லிக் குடுப்போம். பொறுமையா அடிங்க. இடைவெளி விடச் சொன்னா மட்டும் விடுங்க.”

நான்கு வரிகள். இரண்டாவது வரியில் ஒரு சாய்கோடு திரும்பி விழுந்ததால் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. கடைசியாக அக்கா, “இப்ப ‘நார்மல்’னு அடிங்க” என்றார்.

“வெறுமனே நார்மல்னா?”

“ஆமா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அடித்தார். அந்த மருத்துவமனையில் யாரோ சொன்னவுடன் ஒரு காரியம் நார்மலுக்கு வந்தது அதுவே முதல்முறை. திரை நிறம் மாறியது. ‘எது வேண்டும்?’ என்று கேட்டது. பட்டியல்காரர் பழையதைத் தேர்ந்தெடுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசை குலையாமல் வந்து நின்றார்கள். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

“தம்பி, நான் எத்தனாவது?”

அவர் தயங்கினார். “மூணுக்கா.”

தங்கை குளிர்பெட்டியில் எத்தனை கண் இருக்கிறது என்பதை வரும் வழியிலேயே கேட்டறிந்திருந்தாள். “ரெண்டுதானே வந்திருக்கு?” என்றாள்.

“சரி, அவங்களுக்குச் சீட்டைப் போடுங்க, நேரமாகுது” என்றார் அக்கா. “முழுப் பட்டியலையும் அச்சடிச்சு வச்சுக்குங்க. இன்னொண்ணு, கணினியை அணைச்சுடாதீங்க. அணைச்சா திரும்ப அஞ்சாம் நம்பருக்குத்தான் போய் நிக்கும். நிரந்தரமா சரி பண்ண லினக்ஸுக்குள்ள போய் ரெண்டு வரி அடிக்கணும். அதுக்குப் பாஸ்வேர்ட் வேணும். அதை மட்டும் உங்க ஆளுங்ககிட்ட வாங்கிடுங்க.”

மறுநாள் பஸ் டிரைவருக்கும் தையல்காரம்மாவுக்கும் அறுவை நடந்தது. பட்டியல்காரர் கணினிப் பிரிவுத் தலைவரிடம் போய்ப் பாஸ்வேர்டு கேட்டார்.

“பாஸ்வேர்ட் ரகசியம்.”

“தெரியும் சார். நீங்களே வந்து அடிச்சாப் போதும்.”

“நாங்க எதையும் அரைகுறையா செய்யிறதில்ல. எங்களுக்கே தெரியாத அளவுக்கு ரகசியமா வச்சிருக்கோம்.” பிறகு அவருக்கு ஒன்று உறைத்தது. “இருங்க. ஓடாத கணினிக்கு உங்களுக்கெதுக்குப் பாஸ்வேர்ட்?”

“இப்ப ஓடுது சார்.”

“யாரு ஓட வச்சது?”

அந்தக் கேள்வியிலிருந்து மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு பிறந்தது.

குழு மாடிப்படி அறைக்கு நேரிலேயே வந்தது. அறையில் மூன்று பேருக்கு இடமில்லாததால் தலைவர் உள்ளேயும் மற்ற இருவர் கதவோரத்திலும் நின்றார்கள். குழுத் தலைவர் முப்பது வருட நிர்வாக அனுபவமுள்ளவர். கையில் இரண்டு காகிதங்கள் வைத்திருந்தார்.

“கணினிப் பிரிவு எழுதியிருக்கு: புகார் வந்த நாளிலேருந்து கணினி இயங்கலை. பராமரிப்புப் பிரிவு எழுதியிருக்கு: புகார் பூட்டுப் போட்டுத் தீர்க்கப்பட்டது. ரெண்டு பதிவுலயும் கணினியைச் சரி செஞ்சதா ஒரு வரி இல்ல. அப்ப சட்டப்படி இது இயங்காத கணினி. இயங்காத கணினியிலேருந்து பட்டியல் எப்படிங்க அச்சாச்சு?”

“இதோ இயங்குது சார். நீங்களே பாருங்க.”

குழுத் தலைவர் திரையைப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் அவரைப் பார்த்தன. “இது விசாரணைப் பொருள். முதல்ல இதை அணைச்சு முத்திரை வைக்கணும்.”

“சார், வேண்டாம் சார். அணைச்சா திரும்ப வராது. பாஸ்வேர்ட் வர்ற வரைக்கும்...”

“ஓடுற நிலையில முத்திரை வைக்க விதியில இடமில்ல.”

பட்டியல்காரர் பொத்தானின் மேல் கையை வைத்து மறைத்தார். பதினோரு வருடத்தில் அவர் செய்த ஒரே கலகம் அது. அரை நிமிடம்தான் நீடித்தது. கதவோரம் நின்ற உறுப்பினர் சுவரிலிருந்த மின்செருகியைப் பிடுங்கிவிட்டார்.

மறுபடி செருகிப் போட்டபோது திரை கறுப்பாக இருந்தது. இரண்டு வரிகளும் மின்னும் கோடும் மட்டும்.

“பாத்தீங்களா, இயங்கலை” என்றார் குழுத் தலைவர். அவர் குரலில் வெற்றிக்களிப்பெல்லாம் இல்லை. ஒரு கணக்கு சரியாக வந்த நிம்மதிதான் இருந்தது.

அச்சடித்த பட்டியல், இயங்காத கணினியிலிருந்து வந்ததால் போலி என்று தீர்மானிக்கப்பட்டு, உறையிலிடப்பட்டு, அரக்கு வைக்கப்பட்டது. சர்வர் அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

“கணினி இயங்கினதை நீங்க பாத்தீங்களா?”

“எனக்குக் கண்ணு தெரியாதுங்க. அதுக்காகத்தான் இந்த ஆஸ்பத்திரிக்கே வர்றேன்.”

“அப்ப நீங்க கண்கண்ட சாட்சி இல்ல.”

“என்ன அடிக்கணும்னு சொன்னதே நான்தான்.”

“பட்டியல்ல உங்க பேரும் இருந்ததா?”

“மூணாவதா இருந்தது.”

“மேலே வர்றதுக்காகத் திறந்தீங்களா?”

“மேலே வந்திருந்தா மூணாவதா ஏங்க இருக்கேன்?”

குழு இதைக் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்து, ஒரு கண்ணில் கட்டுப் பிரித்திருந்த தையல்காரம்மா வந்தார். யாரும் கேட்காமலே மடியிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து, ஒரே முறையில் கோத்துக் காட்டினார். மூன்று பேரும் அந்த ஊசியைப் பார்த்தார்கள். அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: ‘செல்லாத சீட்டின் பேரில் நடந்ததால் மேற்படி அறுவை நடந்ததாகக் கருத இயலாது. நோயாளியின் பார்வை, நிர்வாக அளவில், நிலுவையில் உள்ளது.’

பட்டியல்காரருக்குக் கடும் எச்சரிக்கை வந்தது. டாக்டரம்மா இயக்குநரைப் பார்க்க நேரம் கேட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் ஒதுக்கினார்கள். அதற்குள் மாதக் கடைசி வந்துவிட்டது.

விசாரணையில் இயங்காதது என்று ஆனதால் பட்டியல்காரரின் கணினிக்குப் போட்ட ‘நிறைவு’ ரத்தாகியிருந்தது. எண்பத்தாறில் எண்பத்தைந்து முடிந்துவிட்டது, ஒன்று மட்டும் பாக்கி என்று இயக்குநர் வருத்தப்பட்டாராம். கணினிப் பிரிவுத் தலைவர் அந்த வருத்தத்தைத் துடைக்கத் தானே களத்தில் இறங்கினார். முத்திரையை உடைக்க அனுமதி ஒரே மணி நேரத்தில் கிடைத்தது. வட்டிலிருந்த எல்லாவற்றையும் துடைத்து அழித்துவிட்டு, இரண்டு இயங்குதளங்களையும் புதிதாக ஏற்றினார்கள். பட்டியல்காரர் ஓடி வந்தபோது வேலை முடிந்து, தொழில்நுட்பர் தலையைக் குனிந்தபடி பென் டிரைவ்களை இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“பட்டியல்?” என்றார் பட்டியல்காரர்.

“எதுங்க?” என்றார் தலைவர். “இயங்காத கணினியில என்னங்க இருந்திருக்க முடியும்?”

விழா நடந்தது. இயக்குநர் பொத்தானை அமுக்கினார். கணினி ‘எது வேண்டும்?’ என்று கேட்டது. ஒவ்வொன்றும் நான்கே நொடியில் திறந்தது. தலைவர் கண்கலங்கப் பேசினார்: “இந்தக் கணினி வேண்டாம்னு எத்தனையோ பேர் கைவிட்டாங்க. நாங்க கைவிடலை. இன்னிக்கு இதுல ஒரு குறை சொல்லுங்க பாப்போம். ஒரு கோப்பு தப்பா இருக்கா? ஒரு பேர் பிழையா இருக்கா?” உண்மையில் ஒன்றுகூட இல்லை.

பட்டியல்காரர் வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து நூற்று நாற்பத்தேழு பெயர்களை எழுதிக்கொண்டு போனார். நிர்வாகக் கண்காணிப்பாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “உங்க ஞாபகம் விசாரணையில இருக்கே” என்றார். அரக்கு வைத்த உறையைத் திறக்கலாமே என்றதற்கு, திறக்கும் அதிகாரம் விசாரணைக் குழுவுக்கு மட்டும்தான், குழுவோ அறிக்கை கொடுத்த அன்றே கலைந்துவிட்டது என்றார்.

ஆகவே கணினிப் பிரிவு ஏற்றிக் கொடுத்த புதிய மென்பொருளில் புதிய பட்டியல் தொடங்கியது. எல்லோரும் திங்கட்கிழமை வந்து புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும். வந்த வரிசையே வரிசை. செய்தி சிலருக்குப் போய்ச் சேர்ந்தது, பலருக்குச் சேரவில்லை. சர்வர் அக்காவின் தங்கைக்கு மத்தியானம்தான் தெரிந்தது. அவள் ஓடிவந்து நின்று வாங்கிய எண் இருநூற்று ஆறு. முதல் எண் யாருக்குப் போனது என்றால், மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்க வந்து, ஏதோ வரிசை நிற்கிறதே என்று தானும் நின்ற ஒரு மனிதருக்கு.

இரண்டு வாரத்தில் மறுபடி இரண்டு கருவிழிகள் வந்தன. சீட்டு நல்லபடியாக அச்சானது. முதல் எண்காரரைக் கூப்பிட்டார்கள்.

“எனக்கா? ஆபரேஷனா?” அவர் வெலவெலத்துப் போனார். “எனக்குப் பேப்பர் படிக்கும்போது மட்டும்தாங்க கொஞ்சம் மங்கலாத் தெரியும்!”

புதிய மென்பொருளில், முதல் எண் முடியாமல் இரண்டாம் எண் திறக்காது. அவர் விலகிக்கொள்வதாகச் சொன்னார். விலகலுக்கு ஒரு படிவம் வேண்டும். படிவத்துக்கு ஒரு குழுவின் ஒப்புதல் வேண்டும். டாக்டரம்மா நான்கு நாளும் மாடி ஏறி இறங்கினார். நான்காம் நாள் சாயங்காலம் அந்த இரண்டு கருவிழிகளையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் அவர் கையாலேயே போட்டார்.

அடுத்த வாரம் சர்வர் அக்கா பரிசோதனைக்கு வந்தார். பட்டியல்காரர் அவரையும் தங்கையையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள். அக்கா மட்டும் இருந்தார்.

“இருநூத்தி ஆறுக்கு எவ்வளவு நாளாகும் தம்பி?”

இந்தக் கேள்விக்குப் பதினோரு வருடமாக அவர் ‘கொஞ்சம் பொறுங்க’ என்றே பதில் சொல்லி வந்தார். அன்று அப்படிச் சொல்ல வரவில்லை. “அஞ்சு வருஷம்” என்றார்.

அக்கா தலையாட்டினார். தொலைபேசி அடித்தது. பட்டியல்காரர் எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண். போன வாரம் இறந்துபோன தன் அப்பாவின் கண்களைக் கொடுத்தவர்களாம். மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்ததாம்: ‘தங்கள் கொடையால் இருவர் பார்வை பெற்றனர்.’ கருவிழி வந்த நான்காம் நாள் இந்தக் கடிதத்தைப் புதிய மென்பொருள் தானாகவே அனுப்பிவிடும். கணினிப் பிரிவுக்கு அதற்காகத் தனிப் பாராட்டும் கிடைத்திருந்தது.

“ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை பேசலாமா சார்? அம்மா பக்கத்துலதான் இருக்காங்க” என்றாள் அந்தப் பெண்.

பட்டியல்காரர் தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அறை சின்னது, மறுமுனைக் குரல் அக்காவுக்கும் நன்றாகக் கேட்டிருந்தது. அவர் கையை நீட்டினார்.

“குடுங்க தம்பி.” வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். “சொல்லும்மா. ஆமா, எனக்குத்தான் வச்சாங்க.”

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக ஏதோ கேட்டது.

“நல்லா தெரியுதும்மா. உங்கப்பா புண்ணியவான்.”

“இப்ப என்ன தெரியுதுன்னு அம்மா கேக்கறாங்க.”

அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து விலக்கி, எதிர்ப்பக்கம் செவிகொடுத்தார். பிறகு சொன்னார்:

“எதிர்ல ஒருத்தர் உக்காந்திருக்காரு. சத்தம் வராம அழுறாரு.”